நிறுவைத் தராசும் சிவப்பு விளக்கும்

ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அறிய விரும்புபவன், அம்மக்கள் எவ்வாறு உழைக்கின்றனர் என்பதை அவ்விலக்கியம் எவ்வளவு தூரம் அறிந்திருக்கிறது என்று கேட்டால் போதும். இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் மலையகத் தமிழ் இலக்கியம் எவர் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கத் தக்கது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலே பாடிய தோட்டத்து வாழ்வைச் சக்தீ பாலையா 1969 இல் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். என். எஸ். எம். இராமையாவின் சிறுகதைத் தொகுதிக்கு ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்றே பெயர். பெரட்டுக்களமும் கூடையும் தராசும் லயத்துக் காம்பராவும் அங்கே வெறும் பின்னணிக் காட்சிகளாக நிற்கவில்லை. மனித உறவுகளைத் தீர்மானிக்கும் சக்திகளாகவே நின்றன.

இன்று அதே மலைகளின் அடிவாரத்திலே வேறொருவகை உழைப்பு வளர்ந்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இளைஞரும் இளம்பெண்களும் கொழும்புக்குச் செல்கின்றனர். அல்லது கண்டியிலிருந்தபடியே கடல் கடந்த நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகின்றனர். அவர்களுள் கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளும் உளர். இவர்களுடைய உழைப்பைப் பற்றி நமது சிறுகதையாசிரியர்கள் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கின்றனர். மேசை, கணினி, தேநீர்க் கோப்பை, வெளிநாட்டுக் கனவு என்பவற்றுக்கு அப்பால் இவ்வுழைப்பின் உட்பகுதிக்குள் சென்று பார்த்த எழுத்து மிகமிக அரிது.

எனவே, இலக்கியம் என்று எவரும் வகைப்படுத்தாத ஓர் எழுத்தை இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள் உலகில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று, மார்ட்டின் ஃபௌலர் எழுதிய ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்பது. 2000 ஆம் ஆண்டில் மத்தியூ ஃபோமலுடன் சேர்ந்து முதலில் எழுதினார். 2006 இல் தாமே திருத்தி எழுதினார். 2024 இல் மீண்டும் புதுக்கினார். தொழில் நுணுக்கக் கட்டுரைக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். எந்த எழுத்திலும் மனிதனைப் பற்றிய ஒரு பார்வை அடங்கியிருக்கிறது. பல இலட்சம் மக்களின் வேலைநாளை ஒழுங்குபடுத்திய எழுத்திலே அப்பார்வை எத்தகையது என்று ஆராய்வது விமர்சகனின் கடமைக்குப் புறம்பானதன்று.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மென்பொருள் என்பது தனியொருவரின் ஆக்கமன்று. இருபது பேர் அமர்ந்து இருபது பகுதிகளை எழுதுவர். மனிதர் எழுதிய நிரலை இயந்திரம் இயக்கக்கூடிய முழுப்பொருளாகத் தொகுத்துக் கட்டும் வேலைக்கு அத்தொழிலில் ‘பில்ட்’ என்று பெயர். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மாதக்கணக்கில் தனித்தே எழுதி, இறுதியில் அனைத்தையும் ஒன்றுசேர்க்க முற்படுவர். அப்போது ஒருவர் கட்டிய கதவுக்கு மற்றவர் கட்டிய நிலை பொருந்தாது. ஃபௌலர் தமது இளமைக்கால அனுபவம் ஒன்றைக் கூறுகிறார். இங்கிலாந்தின் பெரிய மின்னணு நிறுவனமொன்றில் ஒரு வேலைத்திட்டத்தைக் காட்டினார்களாம். எழுதும் வேலை முடிந்து, ஒன்றுசேர்க்கும் வேலை பல மாதங்களாக நடந்துகொண்டிருந்ததாம். அது எப்போது முடியும் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியாதாம்.

இந்நோய்க்கு அவர் கூறும் மருந்து எளிமையானது. எல்லா நிரலும் ஒரே பொதுக் களஞ்சியத்தில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் குறைந்தது நாளுக்கொரு தடவை தம் வேலையை அப்பொதுக் களஞ்சியத்திற் சேர்க்கட்டும். சேர்த்த மறுகணமே ஒரு பொது இயந்திரம் முழுவதையும் தானாகத் தொகுத்து, தானாகவே சோதிக்கட்டும். இவையனைத்தும் பத்து நிமிட அளவில் முடியட்டும். விளைவு எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும். பிழை நேர்ந்தால் அதனைத் திருத்துவதே யாவற்றிலும் முந்திய வேலையாகட்டும். தொகுத்தலை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் எண்ணம் புதிதன்று. 1976 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை ஆக்கியபோதே அது தொடங்கிவிட்டது. ஃபௌலரின் கட்டுரை வலியுறுத்துவது அதனினும் மேலானது. தொகுத்தல் என்பது முடிவில் ஒருமுறை நடைபெறும் சடங்காக இராமல், அன்றாட மூச்சாக மாற வேண்டும் என்பதே அதன் உயிர்க்கருத்து.

கண்டிச் சூழலில் வாழ்பவனுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் வழியில், 1925 இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. பழைய உருட்டு இயந்திரங்களையும் உலர்த்தும் இயந்திரங்களையும் அங்கே காணலாம். மலையக மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் இத்தொழிற்சாலையின் முழு ஒழுங்கும் ஓர் எளிய உண்மையின் மீது எழுந்தது: பறித்த கொழுந்தைத் தேக்கி வைக்க முடியாது. கூடையிலோ சாக்கிலோ நெடுநேரம் அமுங்கிக் கிடந்தால் அது சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். ஆதலால் நாளுக்கு இருமுறை, மும்முறை நிறுத்து உடனுக்குடன் ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்தல், சலித்தல் என்ற ஒவ்வொரு படியும் முந்திய படியின் தாமதத்தை மன்னிப்பதில்லை. ஒரு நிரலாளனின் கணினியிலே பல நாள் தேங்கிக் கிடக்கும் மாற்றமும் அமுங்கிய கொழுந்துதான். மற்றவர்களின் வேலை நாள்தோறும் மாறிக்கொண்டிருக்க, இவனுடைய வேலை தேங்கிய இடத்திலேயே பழுதடைகிறது.

இக்கட்டுரையின் சிறப்புகளை முதலில் ஒப்புக்கொள்வது நேர்மை. அதன் நடை தெளிவானது. தொழிலாளி தொழிலாளியிடம் பேசும் நடை. மேலதிகாரியின் ஆணைத் தொனி அங்கு இல்லை. அதன் உள்ளடக்கத்திலும் முற்போக்கான கூறு ஒன்று உண்டு. தனியொருவனின் மேதைமையை நம்பி நிற்கும் வேலைமுறையை அது மறுக்கிறது. கடைசி வாரத்தில் இரவுபகலாக விழித்திருந்து உடைந்த பொருளை ஒட்டவைக்கும் ‘வீரன்’ எவனும் தேவைப்படாத நிலையை அது விரும்புகிறது. பிழையை மனித இயல்பாக ஏற்றுக்கொண்டு, அது சிறிதாக இருக்கும்போதே வெளிப்பட வழிசெய்கிறது. பொதுக் களஞ்சியத்தின் முன்னே முதல்நாள் வந்த இளைஞனும் இருபதாண்டு அனுபவம் பெற்ற மூத்தவரும் ஒன்றே. சோதனைக்குப் பதவி தெரியாது. குலமும் கோத்திரமும் ஊரும் கேட்டே ஒருவனை எடைபோடும் நமது சமுதாயத்தில் இது சிறிய பேறன்று.

இக்கருவிகளின் வரலாற்றிலும் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 2004 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் வேலைசெய்த கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானிய நிரலாளர், தாம் சேர்த்த நிரலால் பில்ட் உடைந்து, சக ஊழியர்களின் சினத்துக்கு ஆளாவதில் சலிப்புற்றார். மற்றவர் காண்பதற்கு முன் தம் பிழையைத் தாமே அறிந்துகொள்ளும் பொருட்டு ஒரு கருவியை எழுதினார். ‘ஹட்சன்’ என்று பெயரிடப்பட்ட அது, உரிமைத் தகராறு ஒன்றின் பின் 2011 இல் ‘ஜென்கின்ஸ்’ ஆயிற்று. இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆகவே, இக்கருவி பிறந்தது கங்காணியின் மூளையில் அன்று. வெட்கப்பட்ட ஓர் உழைப்பாளி தன் வெட்கத்தினின்றும் விடுபடுவதற்காகத் தானே செய்துகொண்ட கருவி அது. விலையின்றி எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மென்பொருளாக அது உலகுக்கு அளிக்கப்பட்டது. இத்தகைய கொடைமனப்பான்மையில் நம் நாட்டவரும் பின்தங்கவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை நிரலாளர் ஒன்றுகூடி எழுதிய ‘சஹானா’ என்ற நிவாரண மேலாண்மை மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் இடர்களிலும் உதவியது. சேர்ந்து உழைப்பதும் சேர்ந்தே சரிபார்ப்பதும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இம்முயற்சிகளே சான்று.

இனிக் குறைக்கு வருவோம். ‘எல்லோரும் காணட்டும்’ என்பது ஃபௌலர் வகுக்கும் விதிகளுள் ஒன்று. பில்ட் நலமாயின் பச்சை விளக்கும், உடைந்தால் சிவப்பு விளக்கும் எரியும் வழக்கத்தை அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். எல்லோரும் என்றால் யார்? சம நிலையில் உள்ள தோழர்கள் காண்பது வேறு. சம்பளத்தை நிர்ணயிப்பவர் காண்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கட்டுரை தன் பொருளாக எடுத்துக்கொள்ளவேயில்லை. குழு என்ற சொல் அங்கு வருகிறது. அக்குழுவுக்குள் வேலை கொடுப்பவனும் வேலை செய்பவனும் இருக்கின்றனர் என்ற நினைவு வருவதில்லை. ஒருவரோடொருவர் நல்லெண்ணத்தோடு பழகும் மனிதர்களைக் கொண்ட ஒரு சிறு தீவை ஆசிரியர் கற்பனை செய்துகொள்கிறார். அத்தீவுக்குப் பொருந்துவதெல்லாம் உலகுக்கும் பொருந்தும் என்று நம்புகிறார். யதார்த்தத்தின் சரிபாதியை மட்டும் காணும் பார்வை இது.

மறுபாதியை நமக்குக் கற்பித்தது கொழுந்துத் தராசு. தராசு தன்னளவில் நேர்மையான கருவி. முள் யாருக்காகவும் பொய் சொல்வதில்லை. ஆயினும் மலையகத்தின் மனத்தாங்கல்களுள் பெரும்பகுதி அத்தராசடியிலேயே பிறந்தது. ஏன்? கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் இத்தனை கிலோ என்று கழிப்பவர் வேறொருவர். பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் வைக்கப்பட்ட நாளாந்த வரையறையை விதிப்பவரும் வேறொருவர். வரையறையை எட்டாதவளுக்கு ‘அரைப் பேர்’ போடுபவரும் அவரே. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, பல இடங்களில் பறிக்க வேண்டிய கிலோவின் அளவு கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். தராசு கொழுந்தை நிறுக்கப் பிறந்தது. காலப்போக்கில் அது ஆளை நிறுக்கும் கருவியாயிற்று. தீங்கு முள்ளிலே இல்லை, அதன் முன்னே மனிதர் நிற்கும் உறவிலேயே இருக்கிறது.

இந்த உண்மையை எனக்குப் புதிய கோணத்தில் உணர்த்திய நிகழ்ச்சியொன்றைக் கூற வேண்டும். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து பேராதனையிற் படித்த இளைஞர் ஒருவர், நகரிலுள்ள ஓர் அலுவலகத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் அது ஒரு நிறுவனத்தின் குற்றமாகச் சுருங்கிவிடும். சுவரிலே பெரிய திரை ஒன்று. பில்ட் உடைந்தால், கடைசியாக நிரல் சேர்த்தவரின் நிழற்படம் சிவப்புச் சட்டமிட்டு அதில் தோன்றும். வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதத்தில் அவருடைய படம் அதில் மூன்று மணி நேரம் நின்றது. பின்னர் ஆராய்ந்தபோது, பிழை அவருடைய நிரலில் இல்லை என்பதும், கடலுக்கு அப்பாலிருந்த வாடிக்கையாளரின் கணினி அந்நேரம் மறுமொழி அனுப்பாததே சோதனை தோற்றதற்குக் காரணம் என்பதும் தெரியவந்தன. ஆனால் ஆண்டிறுதி மதிப்பீட்டில் ‘உடைத்த பில்ட்’ என்ற கணக்கில் அதுவும் ஒன்றாகவே எண்ணப்பட்டிருந்தது.

அவர் அதன்பின் என்ன செய்தார் என்பதே கவனிக்கத்தக்கது. “இப்ப நான் ஒவ்வொரு நாளும் சேர்க்கிறதில்ல, சேர். நாலஞ்சு நாள் என்னோடயே வச்சிருந்து, நல்லாப் பாத்துட்டுத்தான் சேர்க்கிறன்” என்றார். எந்த நோயைப் போக்குவதற்காக இம்முறை வகுக்கப்பட்டதோ, அந்நோயையே அச்சம் மீண்டும் கொண்டுவந்துவிட்டது. கொழுந்து மறுபடியும் கூடையிலே அமுங்குகிறது.

இதனை அவர் தம் தாயாரிடமும் சொன்னாராம். முப்பது ஆண்டு கொழுந்து பறித்த அம்மாது மகன் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தச் சிவப்பு லைட்டு கொழுந்துக்கா தம்பி, ஆளுக்கா?” என்று கேட்டாராம்.

ஃபௌலரின் கட்டுரையில் கேட்கப்படாத கேள்வி இதுதான். பொருளைச் சோதிப்பதற்கும் மனிதனை நிறுப்பதற்கும் உள்ள எல்லைக்கோட்டை, படித்த நாம் வரைய மறந்த இடத்தில், தராசடியில் நின்று பழகிய ஒருவர் வரைந்துவிட்டார்.

எல்லை அழிந்தால் விளைவது மனத்துயர் மட்டுமன்று, பொருளும் கெடுகிறது. எடைக்கு மட்டும் கூலி என்றால் முற்றிய இலையும் கூடைக்குள் போகும். ஸ்டோரிலே தேநீரின் தரம் விழும். அதுபோலவே, பச்சை விளக்குக்கு மட்டும் மதிப்பு என்றால், அடிக்கடி தோற்கும் சோதனை மெல்ல நீக்கப்படும். கடினமான சோதனை எழுதப்படாமலே விடப்படும். விளக்கு பச்சையாக எரியும். உள்ளே பொருள் உளுத்திருக்கும். அளவுகோலை உழைப்பாளியின் கழுத்திலே கட்டினால், அவன் அளவுகோலை வளைப்பான். இதற்கு அவனுடைய ஒழுக்கத்தைக் குறைகூறிப் பயனில்லை. குறை கட்டியவனிடத்தில் இருக்கிறது.

இவ்விடத்திலே ஒரு பெயரைப் பற்றியும் சிந்திக்கலாம். ஜென்கின்ஸ் என்பது ஆங்கிலச் செல்வர் வீட்டுப் பட்லருக்குரிய பெயராகக் கருதி வைக்கப்பட்டது. அக்கருவியின் சின்னமும் கழுத்துப்பட்டி அணிந்து, கையிலே துணி தாங்கிய ஒரு பட்லரின் உருவமே. ஹந்தானையிலும் ஹேவாஹெட்டையிலும் துரை பங்களாக்களின் பின்வாசலை அறிந்த மக்களுக்கு அவ்வுருவத்தை விளக்க வேண்டியதில்லை. பணியாள் என்று சொல்லி உள்ளே அழைக்கப்பட்ட ஒருவன், எவருடைய பணியாள் என்பதே கேள்வி. நிரலாளனுக்குப் பணிசெய்தால் அவன் தோழன். நிரலாளனைப் பற்றித் துரையிடம் சொல்லும் வேலை அவனுக்குக் கொடுக்கப்பட்டால், பெயரிலே பட்லராகவும் செயலிலே கங்காணியாகவும் ஆகிவிடுகிறான்.

சிவப்பு விளக்கு இயல்பிலேயே தீயது என்று இதனால் கொள்ளலாகாது. ஜப்பானில் சகிச்சி தொயோதா 1924 இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். அவ்வெண்ணத்தை மோட்டார்த் தொழிலுக்குக் கொண்டுசென்ற டொயோட்டா ஆலைகளில், குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம், விளக்கு எரியும், திருத்த முடியாவிடின் வரிசை முழுவதும் நிற்கும். அங்கே விளக்கை ஏற்றுபவன் தொழிலாளி. ‘இங்கே ஒரு குறை இருக்கிறது, உதவிக்கு வாருங்கள்’ என்பதே அதன் மொழி. டொயோட்டா ஆலை தொழிலாளரின் பொன்னுலகம் என்று நான் கூறவில்லை. அக்கயிறே வேலையின் வேகத்தை இறுக்கவும் பயன்பட்டது என்ற கண்டனம் உண்டு. ஆயினும் ஒரே சிவப்பு விளக்கு ஒருவன் கையில் உரிமையாகவும் மற்றொருவன் தலைமேல் தண்டனையாகவும் இருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

இங்கே இருவகை மறுப்புகள் எழக்கூடும். இயந்திரமே பகை, அதனை அகற்றிவிடுவோம் என்பது ஒன்று. இக்கூற்று பழமையானது, அதற்கான விடையும் பழமையானது. ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் பங்களா விறாந்தையிலே மேசையில் வைத்துக் கையாலேயே இலை உருட்டப்பட்டது. அந்த வேலைக்குத் திரும்பிச் செல்ல இன்று எந்தத் தொழிலாளியும் விரும்பமாட்டார். அதே 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ், இயந்திரத்தையும் மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திக் காணத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று விளக்கினார். தேயிலையும் அந்நூலும் ஓராண்டிற் பிறந்தது தற்செயல். அவ்வேறுபாட்டின் அவசியம் தற்செயலன்று. இரவு முழுவதும் கையாலே நிரல் தொகுத்துக் கண்விழித்தவன் தானியங்கி பில்டை வெறுக்கக் காரணமில்லை.

மற்றது, பெயர் தெரியாவிட்டால் பொறுப்பு எவ்வாறு வரும் என்பது. பொதுக் களஞ்சியம் எந்த மாற்றத்தை யார் செய்தார் என்பதை ஏற்கனவே குறித்து வைத்திருக்கிறது. திருத்துவதற்கு அது போதும். திருத்துபவரும் பெரும்பாலும் அவரேதான். திருத்தத்துக்கு வேண்டியது செய்தி. சுவரிலே படம் மாட்டுவதும், ஆண்டிறுதியிற் கூட்டிக் கணக்கிட்டுச் சம்பளத்தைக் கழிப்பதும் திருத்தத்துக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. அவை ஆதிக்கத்துக்கு மட்டுமே உதவுகின்றன. பொறுப்பு என்பது ஒருவன் தன் தோழருக்கு மனமுவந்து அளிப்பது. அச்சத்தினாற் பிடுங்கப்படுவதற்கு வேறு பெயர் உண்டு.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நியூயோர்க்கிலே குளிர்கால நண்பகல் பன்னிரண்டு மணியாகும்போது கண்டியில் இரவு பத்தரை மணி. இயந்திரத்துக்கு இரவு பகல் இல்லை. அங்கே ஒருவர் நிரல் சேர்த்ததும் இங்கே ஒருவரின் தலையணைக்கருகே கைத்தொலைபேசி ஒலிக்கிறது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. அச்சட்டத்துக்கு முன்னும் பின்னும் நடந்த போராட்டங்களின் நினைவு இன்றைய அலுவலகத்து இளைஞரிடம் இல்லை. தம்மைத் தொழிலாளி என்று எண்ணவே அவர்களுட் பலர் கூசுகின்றனர். டெய்லர் தேயிலை நட்ட அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான், முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்நீத்தார். தராசடியிலே தனித்து நின்றால் நீதி கிடையாது என்பதை அம்மக்கள் இரத்தம் சிந்திக் கற்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அப்பாடத்தைப் புதிய மொழியில் மீண்டும் கற்க வேண்டியிருக்கிறது.

அப்பாடத்தின் முதல் வரிகள் கடினமானவையல்ல. பில்ட் தொடர்பான விதிகளை அதனோடு வேலை செய்பவர்களே கூடி வகுக்கட்டும். விளக்கு பொருளின் நிலையைக் காட்டட்டும். ஆளின் படத்தைக் காட்ட வேண்டாம். உடைந்த கணக்கும் சேர்த்த கணக்கும் சம்பள ஏட்டினுள் நுழையாதிருக்கட்டும். காரணமின்றித் தோற்கும் சோதனைகளைச் சீர்செய்ய வேலைநேரத்துக்குள்ளேயே நேரம் ஒதுக்கப்படட்டும். இரவு அழைப்புக்கு முறையும் மேலதிகக் கூலியும் இருக்கட்டும். இவை ஃபௌலரின் கருத்துக்கு எதிரானவையல்ல; அது உண்மையிலேயே நடைபெற வேண்டுமாயின் தேவைப்படும் நிபந்தனைகள். அச்சமற்றவன்தான் நாள்தோறும் தன் கூடையைத் திறந்து காட்டுவான்.

ஆகவே, இக்கட்டுரையைப் பற்றிய நமது முடிவு இதுவாகலாம். உருவத்தில் தெளிவும், உள்ளடக்கத்தில் கூட்டுழைப்பின் மீது நம்பிக்கையும் உடைய நல்ல எழுத்து அது. ஆனால் உழைப்பை உறவிலிருந்து பிரித்து, வெறும் நுட்பமாக மட்டும் கண்டுவிட்டது. அதனால் தன் மருந்து எந்தக் கைகளில் நஞ்சாகும் என்பதை முன்னறிந்து கூற அதற்கு இயலவில்லை. அதில் இல்லாத பாதியை எழுத வேண்டியவர்கள் நுட்ப ஆசிரியர்கள் மட்டுமல்லர்; கதையாசிரியர்களுந்தாம். சுவரிலே தன் படம் மூன்று மணி நேரம் நிற்கும்போது ஓர் இளைஞன் எதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பான், மதிய உணவுக்கு யாரோடு செல்வான், மாலையில் கலஹாப் பேருந்தில் ஏறும்போது தாயிடம் என்ன சொல்லலாம் என்று எண்ணுவான் என்பனவற்றை எந்தக் கட்டுரையும் சொல்ல முடியாது. கூடைக் கொழுந்தைப் பற்றி எழுதியவர்கள் தராசை நன்கறிந்து எழுதினார்கள். அவர்கள் வழிவருவோர் இந்தப் புதிய தராசின் அருகிலும் சென்று நின்று, முள்ளையும் பார்த்து, அதனைப் பிடித்திருக்கும் கையையும் பார்த்து எழுத வேண்டும்.

அந்தத் தாயின் கேள்விக்கு அவர் மகன் இன்னும் விடை சொல்லவில்லை. அலுவலகத்தில் அதனைக் கேட்பதற்கு இப்போது அவரோடு மேலும் இருவர் சேர்ந்திருக்கின்றனர் என்று அண்மையில் அறிந்தேன்.